ஒரு பேஸ்பால் அணியின் வரலாற்றைப் படித்தறியும் முறை: அத்லெடிக்ஸ் அணியை முன்வைத்து

அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் அணி ஒன்றின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் பெரும்பாலும் பட்டங்களின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸ் என்ற பருவ இறுதித் தொடரை வென்றது, யார் அதிக ஹோம் ரன் அடித்தார், எந்தப் பிட்சர் (பந்து வீசுபவர்) எத்தனை ஆட்டங்களை வென்று கொடுத்தார் என்று குறித்துக்கொண்டே போனால் விரைவிலேயே ஒரு நீண்ட பட்டியல் கைக்கு வந்துவிடும். ஆனால், கோப்பைக்காக ஆடிய அணி மறு ஆண்டே ஏன் கடைசி இடத்துக்கு விழுந்தது, பல ஆண்டுகள் வேரூன்றியிருந்த நகரத்தை விட்டு ஏன் கிளம்பியது, நல்ல வீரர்கள் ஏன் கூட்டமாக வெளியேறினார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது. அணி யாருடைய சொத்தாக இருந்தது, எந்த மைதானத்தில் ஆடியது, வீரர்களின் ஒப்பந்தங்களை எந்த விதி ஆண்டது என்ற மூன்றையும் முதலில் தெரிந்துகொண்டால், வெற்றி தோல்விகளின் காரணம் பெரும்பாலும் தானே புலப்படும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

எடுத்துக்காட்டாக நான் தேர்ந்தெடுத்திருப்பது அத்லெடிக்ஸ் அணியை. 1901இல் ஃபிலடெல்ஃபியாவில் தோன்றி, 1955இல் கான்சாஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லண்டுக்கும் பெயர்ந்து, 2025 முதல் கலிஃபோர்னியாவின் மேற்கு சாக்ரமெண்டோவில் தற்காலிகமாக ஆடிவரும் அணி இது. வேர்ல்டு சீரிஸ் பட்டத்தை ஒன்பது முறை வென்றிருக்கிறது; ஐந்து ஃபிலடெல்ஃபியாவில் ஆடியபோது, நான்கு ஓக்லண்டில் ஆடியபோது. வலுவான அணியாக நான்கு முறை கட்டி எழுப்பப்பட்டு, நான்கு முறையும் சொந்த உரிமையாளர்களாலேயே கலைக்கப்பட்டது என்பதால், வரலாற்றைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான அணி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அட்டவணையிலிருந்து தொடங்குதல்

ஒரு பெரிய தாளில் ஐந்து பத்திகளை வரைந்துகொள்ளுங்கள்: ஆண்டு, நகரம், மைதானம், பெரும்பங்கு உரிமையாளர், மேலாளர். பேஸ்பாலில் மேலாளர் என்பவர் ஆட்டத்தின்போது களத்தின் ஓரத்தில் இருந்து அணியை நடத்துபவர். வீரர்களை வாங்குவதும் விற்பதும் வழக்கமாகப் பொது மேலாளரின் பொறுப்பு, பழைய காலத்தில் உரிமையாளரின் பொறுப்பு. ஒவ்வொரு பத்தியிலும் மாற்றம் நிகழ்ந்த ஆண்டை மட்டும் எழுதினால் போதும்.

அத்லெடிக்ஸுக்கு இப்படி நிரப்பும்போது முதல் வியப்பு மேலாளர் பத்தியில் வருகிறது. 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்களுக்கு கானி மேக் என்ற ஒரே பெயர்தான் அங்கே இருக்கும். மற்ற மேலாளர்கள் சீருடை அணிந்திருக்க, கோட்டும் டையுமாகப் பலகையில் அமர்ந்து அணியை நடத்திய மனிதர் அவர். பல ஆண்டுகள் அணி கடைசி இடத்தில் கிடந்தும் அவரை ஏன் யாரும் பதவியிலிருந்து நீக்கவில்லை என்பதற்கு விடை, பக்கத்திலுள்ள உரிமையாளர் பத்தியில் இருக்கிறது. தொடக்கத்திலேயே நான்கில் ஒரு பங்கு மேக்கிடம் இருந்தது. பாதிப் பங்கு விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரான பென் ஷைபிடம் இருந்தது. காலப்போக்கில் மேக்கின் பங்கு வளர்ந்து, 1930களின் பிற்பகுதியில் அணியே அவர் கைக்கு வந்தது. தன்னைத் தானே நீக்கிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த மேலாளர் அவர். அவருடைய 3,700க்கும் மேற்பட்ட வெற்றிகளையும் அதைவிட அதிகமான தோல்விகளையும் இந்தச் செய்தி இல்லாமல் எடைபோட முடியாது.

மைதானப் பத்தியையும் அலட்சியமாக விடாதீர்கள். 1909இல் திறக்கப்பட்ட ஷைப் பார்க், எஃகும் கான்கிரீட்டும் கொண்டு கட்டப்பட்ட முதல் பெரிய லீக் பேஸ்பால் மைதானம். அதற்குமுன் மைதானங்கள் மரத்தால் ஆனவை, அடிக்கடி தீப்பிடிப்பவை. புதிய மைதானம் வந்த மறு ஆண்டே, 1910இல், அணி முதல் வேர்ல்டு சீரிஸ் பட்டத்தை வென்றது. மைதானம் கட்டியதால்தான் வென்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதிக இருக்கைகள், அதிக வருமானம், நல்ல வீரர்களை வைத்துக்கொள்ளும் வசதி என்ற தொடர்பைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சரிவுகளைக் குறித்தல்

அடுத்து, ஒவ்வொரு பருவத்தின் வெற்றி விகிதத்தையும் வரைகோடாக இடுங்கள். வெற்றிகளின் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இரு பெரிய லீகுகளில் ஒன்றான, அத்லெடிக்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகில் பல ஆண்டுகள் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள்; 1961 முதல் 162. வேலைநிறுத்தம் நடந்த 1981, 1994, 1995 ஆகிய ஆண்டுகளிலும் தொற்றுநோய் பரவிய 2020இலும் பருவம் சுருங்கியது. ஆகவே மொத்த ஆட்டங்களில் எத்தனை விழுக்காடு வென்றது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

கோடு வரைந்து முடிந்ததும் செங்குத்தான சரிவுகளில் ஒரு புள்ளி வையுங்கள். அத்லெடிக்ஸின் கோட்டில் நான்கு இடங்கள் கண்ணில் படும். 1914இல் 99 வெற்றிகளுடன் லீக் பட்டம் வென்ற அணி 1915இல் வெறும் 43 வெற்றிகளுக்கு விழுந்து, 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி என்ற படுகுழியை அடைகிறது. 1931இல் 107 ஆட்டங்களை வென்ற அணி 1935இல் கடைசி இடத்தில் இருக்கிறது. 1975இல் 98 வெற்றி பெற்ற அணி, 1977இல் அந்த ஆண்டுதான் உருவான சியாட்டில் மரினர்ஸ் அணிக்கும் கீழே போய் நிற்கிறது. கடைசியாக, 2018 முதல் 2020 வரை தொடர்ந்து மூன்று முறை பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் கட்டத்துக்குச் சென்ற அணி 2022இல் 102 ஆட்டங்களிலும் 2023இல் 112 ஆட்டங்களிலும் தோற்கிறது. மற்ற ஏற்ற இறக்கங்கள் எந்த அணிக்கும் உள்ளவையே. இந்த நான்கு புள்ளிகளில்தான் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும்.

யார் போனார், எங்கே போனார், எதற்காகப் போனார்

ஒவ்வொரு சரிவுக்கும் முன்னும் பின்னும் இருந்த வீரர் பட்டியல்களை அருகருகே வைத்து, காணாமல் போனவர்களின் பெயரை எழுதுங்கள். அவர்கள் வேறு வீரர்களுக்கு மாற்றாகப் போனார்களா, பணத்துக்கு விற்கப்பட்டார்களா, ஒப்பந்தம் முடிந்து தாமாகப் போனார்களா என்பதைப் பெயருக்கு எதிரே குறியுங்கள். வேறு வீரர்களுக்கு மாற்றாகப் போனால் அது விளையாட்டு சார்ந்த முடிவாக இருக்கலாம். பணத்துக்கு விற்கப்பட்டால் அது உரிமையாளரின் கணக்குப் புத்தகம் எடுத்த முடிவு.

முதல் சரிவை எடுத்துக்கொள்வோம். 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் வேர்ல்டு சீரிஸ் வென்ற அணியின் உயிர்நாடி, மெக்கின்னிஸ், எடி காலின்ஸ், ஜாக் பாரி, ஃபிராங்க் பேக்கர் ஆகிய நால்வர் கொண்ட இன்ஃபீல்டு, அதாவது உட்களத் தடுப்பாளர் வரிசை. 'லட்சம் டாலர் இன்ஃபீல்டு' என்றே அதை அழைத்தார்கள். 1914 வேர்ல்டு சீரிஸில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றபின், அந்தக் குளிர்காலத்திலேயே காலின்ஸ் 50,000 டாலருக்கு சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு விற்கப்பட்டார். எடி பிளாங்க், சீஃப் பெண்டர் என்ற இரு பெரும் பிட்சர்கள் ஃபெடரல் லீக் அணிகளுக்குச் சென்றனர். தோல்வியின் கோபத்தில் மேக் அணியைக் கலைத்தார் என்று எழுதுவோர் உண்டு. அதைவிட வலுவான காரணம், 1914இலும் 1915இலும் மூன்றாவது பெரிய லீகாகப் போட்டியில் இறங்கிய அந்த ஃபெடரல் லீக்தான். அது அதிகச் சம்பளம் தர முன்வந்ததால் எல்லா அணிகளிலும் சம்பளம் ஏறியது. மேக் ஏற்றிக் கொடுக்க மறுத்தார். விளைவாக அணி 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடத்தில் இருந்தது.

இரண்டாவது சரிவு என்னை மிகவும் வருத்துவது. 1929 முதல் 1931 வரையிலான அத்லெடிக்ஸ், பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. ஜிம்மி ஃபாக்ஸ், அல் சிம்மன்ஸ், கேட்சர் மிக்கி காக்ரன், பிட்சர் லெஃப்டி குரோவ் என்று பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற நால்வர் ஒரே அணியில் இருந்தனர். குரோவ் 1931இல் 31 ஆட்டங்களை வென்று நான்கில் மட்டுமே தோற்றார். மூன்று ஆண்டுகளும் லீக் பட்டம், முதல் இரண்டு ஆண்டுகளில் வேர்ல்டு சீரிஸ் பட்டம். ஆனால் 1929 வேர்ல்டு சீரிஸ் முடிந்த இரண்டு வாரத்துக்குள் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. 1929இல் சுமார் 8.4 லட்சம் பேர் வந்த மைதானத்துக்கு 1933இல் மூன்று லட்சம் பேர்கூட வரவில்லை. இதனோடு ஃபிலடெல்ஃபியா அடங்கிய பென்சில்வேனியா மாநிலத்தின் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறைப் பேஸ்பாலைத் தடைசெய்திருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உழைக்கும் மக்களுக்கு விடுமுறை கிடைத்த ஒரே நாளில் மைதானம் பூட்டிக் கிடந்தது. 1934 பருவத்தில்தான் அந்தத் தடை விலகியது. அதற்குள் சிம்மன்ஸ் இரு வீரர்களோடு சேர்த்து சிகாகோவுக்கும், காக்ரன் டெட்ராய்ட்டுக்கும், குரோவ் பாஸ்டனுக்கும் விற்கப்பட்டுவிட்டனர்; 1932இல் 58 ஹோம் ரன் அடித்த ஃபாக்ஸும் 1935 இறுதியில் பாஸ்டனுக்குப் போனார். இந்த விற்பனைகளில் ஒவ்வொன்றும் லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் பணம் ஈட்டியது. களத்தில் எந்தத் தவறும் செய்யாத அணி இப்படிக் கரைந்தது.

காலத்தின் விதிகளைக் கற்றல்

ஓர் அணியின் வரலாற்றை அந்த அணியின் ஆவணங்களிலிருந்து மட்டும் புரிந்துகொள்ள இயலாது என்பதற்கு மூன்றாவது சரிவே சான்று. ஒவ்வொரு காலத்திலும் வீரர்களின் ஒப்பந்தங்களை எந்த விதி ஆண்டது என்பதைத் தனியே படித்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பேஸ்பாலை ஆண்டது 'ரிசர்வ் கிளாஸ்' என்ற ஒப்பந்தப் பிரிவு. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்கே உரியவர். அணி விற்றாலோ மாற்றிக் கொடுத்தாலோ விடுவித்தாலோ மட்டுமே அவர் வேறிடம் போக முடியும். அத்லெடிக்ஸின் தோற்றமே இந்த விதியோடு மோதித்தான் நிகழ்ந்தது. 1901இல் நாப் லாஜவே என்ற பெரும் பேட்டரை அதே நகரின் ஃபிலிஸ் அணியிடமிருந்து மேக் இழுத்துக்கொண்டார். மறு ஆண்டு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஃபிலிஸ் அணிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அவர் வேறு அணிக்கு ஆடக் கூடாது என்ற அத்தடை அந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்பதால் லாஜவே கிளீவ்லண்டுக்கு அனுப்பப்பட்டார். கிளீவ்லண்டு அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆட வந்தபோது அவர் உடன் வருவதைத் தவிர்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு விதி 1965இல் வந்தது. அதுவரை பணமுள்ள அணிகள் பள்ளி, கல்லூரி வீரர்களை விரும்பியபடி வாங்கிக் குவித்தன. அந்த ஆண்டு முதல், முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை தரும் டிராஃப்ட் தேர்வு முறை தொடங்கியது. கான்சாஸ் சிட்டியில் ஆடிய 13 பருவங்களில் ஒன்றில்கூடப் பாதிக்கு மேல் வெல்லாத அத்லெடிக்ஸுக்கு இது கொடையாக அமைந்தது. முதல் டிராஃப்டின் முதல் தேர்வே அவர்களுடையது: ரிக் மண்டே. 1965இல் சால் பாண்டோ, 1966இல் ரெஜி ஜாக்சன், 1967இல் வீடா புளூ என்று தொடர்ந்து சேர்த்தவர்களும், 1964இல் ஒப்பந்தமான கேட்ஃபிஷ் ஹண்டரும் ஓக்லண்டில் 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வேர்ல்டு சீரிஸ் வென்று கொடுத்தார்கள். ஆகவே ஓக்லண்டின் பொற்காலத்தை எழுதுகிறவர் அதைக் கான்சாஸ் சிட்டியின் தோல்விகளிலிருந்தே தொடங்க வேண்டும். நகரம் மாறிய ஆண்டில் அத்தியாயத்தை முறித்துவிட்டால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

இந்த அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, காப்பீட்டுத் தொழிலில் பொருளீட்டியவர். பச்சையும் பொன்னிறமும் கொண்ட சீருடை, வெள்ளைக் காலணி, மைதானத்தில் ஊர்வலம் வந்த கோவேறு கழுதை என்று அவரைப் பற்றிய வண்ணக் கதைகள் ஏராளம். 1972இல் மீசை வளர்த்த ஒவ்வொரு வீரருக்கும் 300 டாலர் கொடுத்தார் என்பதும் உண்மையே. இக்கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுங்கள். வரலாற்றைத் திருப்பியது அவர் கொடுக்கத் தவறிய ஒரு தொகை. ஹண்டரின் ஒப்பந்தப்படி 50,000 டாலரை அவருக்கான ஆண்டுத்தொகைத் திட்டத்தில் செலுத்த வேண்டியிருந்தும் ஃபின்லி செலுத்தவில்லை. 1974 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் ஒப்பந்தம் முறிந்ததாக அறிவிக்க, ஹண்டர் விடுதலை பெற்று நியூயார்க் யாங்கீஸில் சேர்ந்தார். ஒரு வீரருக்குத் திறந்த சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை எல்லா வீரர்களும் அன்று கண்டுகொண்டார்கள். மறு ஆண்டு டிசம்பரில் மெசர்ஸ்மித், மெக்நேலி ஆகிய இரு பிட்சர்களின் வழக்கில் அதே சைட்ஸ் அளித்த தீர்ப்பு ரிசர்வ் கிளாஸையே உடைத்தது. ரிசர்வ் கிளாஸை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்று 1972இல் தோற்ற கர்ட் ஃபிளட் ஓக்லண்டில் வளர்ந்தவர் என்பதையும் அந்நகரின் கதையில் சேர்க்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற ஃப்ரீ ஏஜென்சி வரப்போகிறது என்று தெரிந்ததும், இலவசமாக இழப்பதைவிட விற்பது மேல் என்று ஃபின்லி முடிவு செய்தார். 1976 ஜூன் 15 அன்று ரோலி ஃபிங்கர்ஸையும் ஜோ ரூடியையும் தலா 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், வீடா புளூவை 15 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கும் விற்றார். பேஸ்பால் ஆணையர் பௌவி கூன் மூன்று நாளில் அந்த விற்பனைகளை ரத்து செய்தார். மேக் செய்ததைத்தான் ஃபின்லியும் செய்ய முயன்றார். காலம் மாறியிருந்ததால் தடுக்கப்பட்டார். பருவம் முடிந்ததும் ஃபிங்கர்ஸ், ரூடி, பாண்டோ உள்ளிட்டோர் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார்கள். அணிக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. ஒரே செயலின் இரு வடிவங்களை இப்படி அருகருகே வைத்துப் பார்ப்பது ஆண்டு வரிசைப் பட்டியல் எதிலும் கிடைக்காத தெளிவைத் தரும்.

பார்வையாளர் எண்ணிக்கையைப் படித்தல்

வெற்றிக் கோட்டுக்குக் கீழே, ஆண்டுதோறும் மைதானத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை இரண்டாவது கோடாக இடுங்கள். இரு கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்கும் என்றே எதிர்பார்ப்போம். சேராத இடங்களில்தான் செய்தி இருக்கிறது. 1974இல் தொடர்ந்து மூன்றாவது பட்டத்தை வென்ற அத்லெடிக்ஸைப் பார்க்க அந்தப் பருவம் முழுவதும் வந்தவர்கள் சுமார் 8.46 லட்சம் பேர். 1955இல், ஆறாவது இடத்தைப் பிடித்த அணியைப் பார்க்கக் கான்சாஸ் சிட்டியில் வந்தவர்களோ சுமார் 13.9 லட்சம் பேர். முதன்முறையாகப் பெரிய லீக் அணியைப் பெற்ற நகரின் மகிழ்ச்சி ஒன்றில் தெரிகிறது; ரசிகர்களை வளர்ப்பதில் உரிமையாளர் காட்டிய அக்கறையின்மை மற்றொன்றில் தெரிகிறது. 1979 ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 653.

இதை வைத்து ஓக்லண்டு பேஸ்பாலுக்கு ஏற்ற ஊர் அன்று என்று முடிவுகட்டியவர்கள் பலர். அவர்கள் கோட்டை இன்னும் சில அங்குலம் வலப்பக்கம் தொடர்ந்திருக்க வேண்டும். 1980இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் வால்டர் ஹாஸ் குடும்பம் அணியை வாங்கியது. ஊரோடு உறவாடிய அந்தக் குடும்பத்தின் கீழ், ஓக்லண்டில் வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டீவர்ட்டும் ஆடிய அணி, 1988 முதல் 1990 வரை மூன்று லீக் பட்டங்களையும், நிலநடுக்கத்தால் பத்து நாள் தடைபட்ட 1989 வேர்ல்டு சீரிஸையும் வென்றது. 1990இல் 29 லட்சம் பேர் வந்தார்கள். அதே ஊர், அதே மைதானம். மாறியவர் உரிமையாளர் மட்டுமே. அக்காலத்து ஹோசே கான்செகோவும் மார்க் மெக்வையரும் ஊக்கமருந்து பயன்படுத்தியதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

கதைகளைச் சரிபார்த்தல்

பழைய அணிகளைச் சுற்றிக் கதைகள் மண்டிக்கிடக்கும். ஒவ்வொன்றையும் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இணையத் தரவுத் தொகுப்பும் நூறு ஆண்டுக்கு முந்தைய ஆட்டங்களைக்கூட இலவசமாகத் தருகின்றன. 1971இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தினர் வீரர்களின் வாழ்க்கை வரலாறுகளைச் சான்றுகளோடு எழுதி வெளியிடுகிறார்கள்.

சில கதைகள் சோதனையில் மேலும் ஒளிர்கின்றன. 1929 அக்டோபர் 12 அன்று, வேர்ல்டு சீரிஸின் நான்காவது ஆட்டத்தில், சிகாகோ கப்ஸ் 8-0 என்று முன்னிலையில் இருந்தபோது அத்லெடிக்ஸ் ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் பத்து ரன் எடுத்து 10-8 என்று வென்றதாகச் சொல்வார்கள். ஸ்கோர் வரியைப் பாருங்கள்: ஆறு சுழியங்கள், ஏழாவதில் பத்து. வெயில் கண்ணைக் கூச, சிகாகோவின் ஹேக் வில்சன் பந்தைத் தவறவிட்டதும் அதே இன்னிங்ஸில்தான்.

சில கதைகளில் எண்ணே மாறுகிறது. லாஜவேயின் 1901 பேட்டிங் சராசரி பழைய பதிவுகளில் .422 என்றும் இன்றைய பதிவுகளில் .426 என்றும் இருக்கும். பிற்கால ஆய்வாளர்கள் ஆட்டக் குறிப்புகளை மீண்டும் கூட்டிப் பார்த்ததன் விளைவு அது. இத்தகைய இடத்தில் எந்தக் காலத்துப் பதிவு என்பதைக் குறிப்பிட்டே எண்ணைத் தர வேண்டும்.

வேறு சில கதைகள் உண்மையின் ஒரு பாதியை மட்டும் சொல்கின்றன. 2002இல் பொது மேலாளர் பில்லி பீன், சுமார் 4 கோடி டாலர் சம்பளச் செலவில், அதைப்போல் மும்மடங்கு செலவிட்ட யாங்கீஸுக்கு இணையாக 103 வெற்றிகளைப் பெற்றதும், தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றதும் உலகறிந்தவை. பிறர் மதிக்காத வீரர்களைப் புள்ளிவிவரத்தின் துணையால் கண்டுபிடித்தார் என்பதே அந்தக் கதையின் சாரம். ஆனால் அந்த ஆண்டின் பிட்சர் அட்டவணையைத் திறந்தால், பேரி ஜீட்டோ 23, மார்க் மல்டர் 19, டிம் ஹட்சன் 15 என மூவர் மட்டும் 57 ஆட்டங்களை வென்று கொடுத்திருப்பது தெரியும். மூவரும் டிராஃப்டில் தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்னும் குறைந்த சம்பளத்தில் கட்டுண்டிருந்தவர்கள். பீனின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தத் திறமை இயங்கிய களத்தை ஒப்பந்த விதிகள் அமைத்துக் கொடுத்தன என்றே சொல்கிறேன்.

பதிவேட்டில் இல்லாதவர்களைத் தேடுதல்

1947 வரை 20ஆம் நூற்றாண்டின் பெரிய லீகுகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. எந்த அணியைப் படித்தாலும், அந்த அணியில் முதல் கறுப்பின வீரர் எந்த ஆண்டு ஆடினார் என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் களமிறங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, 1953 செப்டம்பரில்தான் பிட்சர் பாப் டிரைஸ் அத்லெடிக்ஸுக்கு ஆடினார். திறமையாளர்களை வாங்கப் பணமின்றித் தவித்த அணி, அருகிலேயே இருந்த திறமையைப் பார்க்க மறுத்துக் காலத்தை வீணாக்கியது. இதுவே மேக்கின் பிற்கால நிர்வாகத்தின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

அத்துடன், அதே நகரில் ஆடிய, கறுப்பின வீரர்களுக்கென இருந்த நீக்ரோ லீக் அணிகளின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அத்லெடிக்ஸ் 1955இல் கான்சாஸ் சிட்டிக்கு வந்தபோது, அங்கு பல ஆண்டுகளாகப் புகழோடு ஆடிவந்த மோனார்க்ஸ் அணி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1965 செப்டம்பரில் ஃபின்லி, 59 வயதானவராகச் சொல்லப்பட்ட சாட்செல் பேஜைப் பிட்சராக இறக்கியதையும், அவர் மூன்று இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்காததையும் விளம்பர வேடிக்கையாகவே பலர் எழுதுகிறார்கள். பேஜ் தன் சிறந்த ஆண்டுகளில் மோனார்க்ஸுக்காகப் பந்து வீசியது அதே மைதானத்தில்தான் என்பதை அறிந்தவருக்கு அந்த மூன்று இன்னிங்ஸ் வேறு பொருள் தரும்.

இடப்பெயர்ச்சிகளை ஆராய்தல்

ஓர் அணி நகரம் மாறும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: கடன் யாரிடம் இருந்தது, மைதானம் யாருடையது, புதிய நகரம் என்ன கொடுக்க முன்வந்தது, மற்ற உரிமையாளர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவை விட்டுப் போனதற்கு, 1950இல் மேக்கின் இரு மகன்கள் மைதானத்தை அடமானம் வைத்து மற்றப் பங்குகளை வாங்கிய கடனே பெருங்காரணம். 1954இல் அணியை வாங்கிய ஆர்னல்ட் ஜான்சன், அதற்குமுன் யாங்கி மைதானத்துக்கே சொந்தக்காரர். அவர் காலத்தில் கான்சாஸ் சிட்டியிலிருந்து நல்ல வீரர்கள் வரிசையாக நியூயார்க்குக்குப் போனார்கள். 1959 டிசம்பரில் அப்படிப் போன ரோஜர் மேரிஸ் 1961இல் 61 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார். உரிமையாளர் பத்தியை நிரப்பாமல் வீரர் பரிமாற்றப் பட்டியலை மட்டும் படித்தவருக்கு இந்தப் போக்கின் காரணம் விளங்காது.

ஓக்லண்டிலிருந்து வெளியேறிய கதையில் ஆள்பரப்பு உரிமை, அதாவது ஒரு பகுதி ஓர் அணிக்கு மட்டுமே உரியது என்ற விதியையும் படிக்க வேண்டும். ஹாஸ் குடும்பம் நல்லெண்ணத்தோடு சான் ஹோசே பகுதியைச் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்கு விலையின்றி விட்டுக்கொடுத்திருந்தது. பின்னர் அத்லெடிக்ஸ் அங்கே மைதானம் கட்ட விரும்பியபோது ஜயண்ட்ஸ் விடவில்லை. சான் ஹோசே நகரம் தொடுத்த வழக்கும் தோற்றது. ஏனெனில் 1922ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் பேஸ்பால் தொழில், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றிருக்கிறது. ஜான் ஃபிஷரின் உரிமையில் ஓக்லண்டு துறைமுகப் பகுதித் திட்டமும் கைகூடாமல் போக, 2022இல் முன்னணி வீரர்களான மேட் ஓல்சனும் மேட் சாப்மனும் வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 2023இல் நெவாடா மாநிலம் லாஸ் வேகஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர்வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. அந்த ஜூன் மாதத்தில், அணியை விற்கும்படி ஃபிஷரை வலியுறுத்தி 27,759 ரசிகர்கள் ஒரே நாளில் மைதானத்தை நிறைத்தார்கள். ஆயினும் நவம்பரில் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள். ஓக்லண்டில் கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26 அன்று 46,889 பேர் முன்னிலையில் நடந்தது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸை அத்லெடிக்ஸ் 3-2 என்று வென்றது.

அணி போய்விட்ட நகரத்தோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். புள்ளிவிவரங்கள் அணியோடு பயணம் செய்கின்றன. மனிதர்களும் கட்டடங்களும் வழக்குகளும் அந்தந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றன. அத்லெடிக்ஸ் கான்சாஸ் சிட்டியிலிருந்து கிளம்பிய பின் மிசூரி மாநிலச் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன், பேஸ்பாலின் சட்ட விலக்கை நீக்கிவிடப்போவதாக எச்சரித்ததன் பயனாகவே 1969இல் ராயல்ஸ் அணி அந்நகருக்குக் கிடைத்தது. ஓக்லண்டில், 2024இலேயே, பாலர்ஸ் என்ற சிறிய லீக் அணி ரைமண்டி பூங்காவில் ஆடத் தொடங்கிவிட்டது. லாஸ் வேகஸ் மைதானத்தை 2028இல் திறப்பது திட்டம். அதுவரை மேற்கு சாக்ரமெண்டோவில் ஆடும் அணி எந்த நகரத்தின் பெயரையும் முன்னால் இட்டுக்கொள்ளாமல் வெறும் அத்லெடிக்ஸ் என்றே அழைக்கப்படுகிறது. ஆகையால் 2025 முதலான பருவங்களை எழுதும்போது நகரப் பத்தியில் ஆடுமிடத்தையும், அணியின் பெயரை அது அதிகாரபூர்வமாக வழங்கும் வடிவிலேயும் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள்.